ஓகே அழுத்தினால் போய்விடும்

மூன்றாவது முறையும் அந்தச் சின்னப் பெட்டி திரையின் நட்ட நடுவில் வந்து உட்கார்ந்தது.

'தொடங்குவதில் சிக்கல். குறிப்பிட்ட கோப்பு கிடைக்கவில்லை.' அதற்குக் கீழே ஓகே என்று ஒரே ஒரு பொத்தான். அழுத்தினால் பெட்டி போய்விடும். லேப்டாப்பை அணைத்துவிட்டு மறுபடி போட்டால், சொல்லாமல் கொள்ளாமல் வருகிற விருந்தாளி மாதிரி மறுபடி ஆஜர்.

நெக்ஸ்டின் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த மாமா, அக்காவின் கணவர், புதன்கிழமையிலிருந்து இதே கதைதான் என்றார். ஏதோ வைரஸின் மிச்சம் என்று தோன்றியதாம். அதனால் அக்காவைத் தொட விடாமல் லேப்டாப்பைத் தன் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். வீட்டில் இருக்கிற நல்ல மெஷின்களையும் அது கெடுத்துவிட்டால் என்ன செய்வது?

நெக்ஸ்ட் தலையாட்டினான். அந்தப் பெயர் கம்ப்யூட்டர் கடைகள் வரிசையாக இருக்கும் சந்தில் அவனுக்கு வைத்தது. எந்த மென்பொருளைப் போட்டாலும் வழியில் வரும் கேள்விகள் ஒன்றையும் படிக்க மாட்டான். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட் என்று தட்டிக்கொண்டே போய் முடித்துவிடுவான். மற்ற மெக்கானிக்குகளுக்கு அரை மணி பிடிக்கும் வேலை அவனுக்குப் பத்து நிமிஷம். பெயர் ஒட்டிக்கொண்டது. அவனுக்கும் அதில் வருத்தமில்லை.

இன்றைக்கும் பத்து நிமிஷத்தில் முடித்துவிட வேண்டும் என்றுதான் நினைத்திருந்தான். காரணம், அக்கா.

இரண்டரை மணிக்கு அவன் வந்து மணி அடித்தபோது மாமா குளித்துக்கொண்டிருந்தார். கதவைத் திறந்த அக்கா செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. வாசலிலேயே பிடித்து வைத்து, மூச்சு விடாமல் காதுக்குள் கொட்டிவிட்டாள். பாடப்புத்தகக் கம்பெனியிலிருந்து புதன்கிழமை காலையில் மெயில் வந்துவிட்டது. வீட்டிலிருந்தே பிழை திருத்திக் கொடுத்துக்கொண்டிருந்தவளை நிரந்தர வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். ஆபீஸ் வேறு ஊரில். தங்குவதற்கு அவர்களே இடம் தருகிறார்கள். வருகிறேன், இன்ன தேதிக்கு வருகிறேன் என்று ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் பதில் போட வேண்டும். இன்றைக்குத்தான் ஞாயிறு. அவள் ஃபோனை மாமா தினமும் சாயங்காலம் கையில் வாங்கி ஒரு புரட்டுப் புரட்டுவார், அதனால் மெயிலை அவள் ஃபோனில் வைத்துக்கொண்டதே இல்லை. லேப்டாப் ஒன்றுதான் அவளுக்குப் பூட்டுப் போட்ட அறை.

"போயிட்டா நான் திரும்பி வரமாட்டேன்டா," என்றாள். "உன்னைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது. எப்படியாவது நாலு மணிக்குள்ள அதை என் கையில குடுத்துடு."

பாஸ்வேர்டையும் அதே மூச்சில் சொல்லிவிட்டு, குளியலறைத் தாழ்ப்பாள் சத்தம் கேட்டதும் காபி போடப் போய்விட்டாள்.

மாமாவைப் பற்றி வெளியில் கேட்டால் யாரும் ஒரு குறை சொல்ல மாட்டார்கள். மருந்துத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி. ஒரு மாத்திரையின் ஓரம் உதிர்ந்திருந்தால் அட்டையையே ஒதுக்கித் தள்ளுகிற உத்தியோகம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அவர் குரல் உயர்ந்து நெக்ஸ்ட் கேட்டதில்லை. அக்கா வாங்கி வந்த சட்டை பிடிக்காவிட்டால் திட்ட மாட்டார். அதை மடித்து, திரும்ப அவள் மடியிலேயே வைப்பார். ஒரு வார்த்தை பேச மாட்டார். அவளாகவே எழுந்துபோய்க் கடையில் மாற்றிக்கொண்டு வரும் வரைக்கும், அது இரண்டு நாளானாலும், வேறெதுவும் பேச மாட்டார்.

அவர் இப்போது நாற்காலியை இழுத்துப் போட்டு நெக்ஸ்டின் பக்கத்தில் உட்கார்ந்தார். இந்தப் பெட்டி ஏன் வருகிறது, தனக்குப் புரிகிற மாதிரி சொல்ல முடியுமா என்று கேட்டார். கேட்ட விதத்தில் உண்மையான ஆர்வம் தெரிந்தது. மாமா அவனிடம் எதையாவது விளக்கச் சொல்லிக் கேட்பது லேசில் நடக்கிற காரியமல்ல. நெக்ஸ்டுக்கு உற்சாகம் வந்துவிட்டது.

பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு மாதிரி, மாமா என்று ஆரம்பித்தான். லேப்டாப் கண் விழித்ததும் ஒரு பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு வரிசையாகப் பெயர் கூப்பிடும். இன்ன கோப்பு, வா, வேலையை ஆரம்பி. அந்தப் பட்டியலில் ஒரு வைரஸும் திருட்டுத்தனமாகத் தன் பெயரை எழுதி வைத்திருந்தது. புதன்கிழமை அக்கா ஆன்டிவைரஸ் போட்டிருக்கிறாள், அது வைரஸைப் பிடித்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் பட்டியலில் பெயரை அடிக்கவில்லை. பையன் டி.சி. வாங்கிக்கொண்டு போனது தெரியாமல் வாத்தியார் தினமும் காலையில் அவன் பெயரைக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. உடனே 'கிடைக்கவில்லை' என்று ஒரு பெட்டி. ஆபத்தெல்லாம் ஒன்றுமில்லை. போன வைரஸின் காலி நாற்காலி, அவ்வளவுதான்.

மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்போ இதை நிறுத்த ரெண்டு வழி இருக்கு, இல்லையா மாப்ளே?"

"ரெண்டா?"

"பதிவேட்டுல பேரை அடிக்கலாம். இல்லன்னா, பையனைத் திரும்பக் கூட்டிட்டு வந்து பெஞ்சுல உக்கார வைக்கலாம்."

நெக்ஸ்ட் சிரித்தான். நல்ல ஜோக் என்றே நினைத்தான். மாமா சிரிக்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பி, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, மொட்டை மாடியில் காயும் துணிகளை எடுத்துக்கொண்டு வந்துவிடேன் என்று அக்காவிடம் சொன்னார். அக்கா காபியை மேஜையில் வைத்தாள். சுவர்க் கடிகாரத்தை ஒரு தரம் பார்த்தாள். மூன்று அடிக்க ஐந்து நிமிஷம். கூடையை எடுத்துக்கொண்டு போனாள். மாமா எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

அதற்குள் நெக்ஸ்ட் பட்டியலைத் திறந்திருந்தான். நாற்பத்துச் சொச்சம் வரிகள். ஒரே ஒரு வரியில் மட்டும் மஞ்சள் பூசி, கோப்பு இல்லை என்று எழுதியிருந்தது. எங்கே இருந்த கோப்பு, எந்தத் தேதியில் வந்தது என்ற விவரம் பக்கத்திலேயே.

வீட்டுக்காப்பு என்று ஒரு ஃபோல்டர். எட்டு மாதத்துக்கு முந்தைய தேதி.

அந்தத் தேதி அவனுக்குத் தெரியும். அக்காவின் பிறந்தநாளுக்கு மறுநாள். இதே மேஜை, இதே நாற்காலி. மாமா ஒரு பென் டிரைவைக் கொடுத்து, ஆபீஸில் எல்லோரும் வீட்டு மெஷின்களுக்குப் போடுகிற பேக்கப் மென்பொருள், உங்க அக்கா எழுதுவதெல்லாம் தொலையாமல் இருக்கும், போட்டுக் கொடு என்றார். பத்து கேள்வி வந்திருக்கும். படித்தானா? நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட்.

ஆன்டிவைரஸைத் திறந்தான். பிடித்தவற்றை அது கொன்றுபோடாமல் குவாரண்டைனில் அடைத்து வைத்திருக்கும். இருபத்து மூன்று உருப்படிகள். இருபத்திரண்டு வெறும் விளம்பரக் குப்பை. இருபத்து மூன்றாவதற்கு எதிரே சிவப்பில் இருந்தது: உளவு. தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்து வெளியே அனுப்பும்.

வாய்க்குக் கொண்டுபோன காபி சட்டையில் சிந்தியது. அவன் கவனிக்கவில்லை.

"அவ தட்டறது மட்டும்தான் எனக்கு வரும்," என்றார் மாமா, காய்கறி விலை சொல்கிற தொனியில். "அவளுக்கு என்ன வருதுங்கறது வராது. அது ஒரு குறைதான். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை என் ஃபோனுக்கு வந்துடும். புதன்கிழமையோட நின்னு போச்சு."

நெக்ஸ்ட் அவர் பக்கம் திரும்பினான். ஏன் மாமா என்று மட்டும் கேட்டான். மாமா ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். மார்ச்சில் அவளுக்கு ஒரு நேர்காணல் இருந்தது. அன்றைக்குக் காலையில் எனக்கு நெஞ்சுவலி வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? உங்க அக்கா நாள் முழுக்க ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். ஜூலையில் இன்னொன்று. அன்றைக்கு இரண்டு சாவியையும் நான் ஞாபகமறதியாக ஆபீஸுக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டேன். கதவு வெளியே பூட்டி. அவள் ஃபோனும் என் பையில்.

நெக்ஸ்டுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. என் நேரம்டா என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டதும், நீ பரீட்சைக்குப் போனாலே மழை வரும் என்று அவன் கிண்டல் செய்ததும்.

"ரெண்டு தடவையும் நான் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல," என்றார் மாமா. அதில் அவருக்கு உள்ளபடியே ஒரு பெருமை இருந்தது.

நெக்ஸ்டின் விரல் மஞ்சள் வரிக்குப் போனது. அடித்துவிடலாம். ஒரு கிளிக். குவாரண்டைனில் இருப்பதையும் அழித்துவிடலாம். இன்னொரு கிளிக். அக்கா துணிக்கூடையோடு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும்.

மாமா தடுக்கவில்லை. தாராளமாக அழி, ஆனால் இதைப் படித்துவிட்டு அழி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. கனமான ஒரு ஃபைலோடு திரும்பி வந்தார்.

உள்ளே அக்கா எட்டு மாதம் தட்டியதெல்லாம் தாள்களாக இருந்தது. ஓட்டை போட்டு, தேதி வரிசையில் கோத்து, முக்கியமான இடங்களில் கலர் காகிதம் ஒட்டி. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மாமாவின் சுருக்கொப்பம். அதற்கும் கீழே, தொழிற்சாலையில் கழித்துப் போட்ட பழைய ரப்பர் ஸ்டாம்பு ஒன்றால் ஊதா மையில் குத்தியிருந்தது: சரிபார்க்கப்பட்டது.

மாமா பச்சைக் காகிதம் ஒட்டிய பக்கத்தைப் பிரித்து அவன் முன்னால் வைத்தார். அக்கா தன் கல்லூரித் தோழிக்கு எழுதியது. ஐந்து மாதத்துக்கு முன்னால்.

'தம்பியைப் பற்றிக் கேட்டிருந்தாய். என்ன சொல்ல? அவனுக்கு வேலை வராது. நாலு மெஷின் கைக்கு வந்தால்தானே கற்றுக்கொள்வான் என்று இந்தக் குடியிருப்பில் பதினொரு வீட்டுக்கும் ஏறி இறங்கினேன். நல்லா ஓடுற மெஷினா இருந்தாலும் பரவாயில்லை, கெட்டுப்போச்சுன்னு சொல்லி அவனைக் கூப்பிடுங்கள் என்று கெஞ்சினேன். முதல் மாடி டீச்சர் பாவப்பட்டு ஒன்றும் ஆகாத கீபோர்டைக் கொடுத்தாள். அவன் அதைப் பிரித்து மாட்டி, தூசிதான் காரணம் என்று கண்டுபிடித்தான். அன்று அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.'

நெக்ஸ்ட் அந்தக் கீபோர்டை நினைத்துக்கொண்டான். டீச்சர் எவ்வளவு நன்றி சொன்னாள். அவனே அக்காவிடம் ஓடிவந்து சொன்னான், பெரிய கடைக்காரன் இதை மாற்றச் சொல்லியிருப்பான், நான் பத்து நிமிஷத்தில் சரி பண்ணினேன் என்று. அக்கா அவன் தலையைக் கலைத்துவிட்டாள்.

'அவனை நம்பி ஒரு விஷயம் சொல்ல முடியாது. கெட்டவன் இல்லை. ஆனால் இவர் நாலு நல்ல வார்த்தை சொன்னால் போதும், வாலை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே போய்விடுவான்.'

பக்கம் அங்கே முடிந்தது. அடுத்த பக்கத்தைப் புரட்டினான். தேதி மூன்று நாள் தள்ளி வேறு கடிதத்துக்குப் போய்விட்டது. நடுவில் ஒரு தாள் இல்லை. அது அவனுக்கு உறைக்கவில்லை. காது இரண்டும் பற்றிக்கொண்டு எரிந்தன. சந்தில் அவன் கடைக்கு எதிர்க் கடைக்காரன் எத்தனையோ கேலி செய்திருக்கிறான், ஒன்றும் தைத்ததில்லை. இது தைத்தது. பதினொரு வீடு. ஒவ்வொரு வீட்டு வாசலையும், கதவைத் திறந்தவர்களின் சிரிப்பையும் வரிசையாக நினைத்துப் பார்த்தான். அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது.

மாமா அவன் தோளில் கை வைத்தார்.

"நான் உன்னை அப்படி நினைச்சதில்ல, மாப்ளே. நினைச்சிருந்தா எட்டு மாசம் முன்னாடி இந்த வேலையை உன்கிட்ட குடுத்திருப்பேனா? இன்னிக்கும் உன்னைத்தான கூப்பிட்டேன்."

கொஞ்சம் விட்டு, அக்கா வந்ததும் விஷயத்தைச் சொல்வதானால் சொல்லிக்கொள், ஆனால் இதைப் போட்டது யார் என்று அவள் முதலில் கேட்பாளே என்றும் சொன்னார். அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். நெக்ஸ்டின் கை அதற்கு முன்னாலேயே நகர ஆரம்பித்திருந்தது.

குவாரண்டைன். இருபத்து மூன்றாவது உருப்படி. டிக். பழைய இடத்தில் திரும்ப வை. ஆன்டிவைரஸ் எச்சரித்தது: இது ஆபத்தானது, நிச்சயமா? ஆம். இனிமேல் இந்த ஃபோல்டரைச் சோதிக்காதே. நிச்சயமா? ஆம். வழக்கம்போல எதையும் படிக்காமல் தட்டினான் என்று சொல்ல வழியில்லை. இன்றைக்கு ஒவ்வொரு கேள்வியையும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் தட்டினான்.

ரீஸ்டார்ட். திரை கறுத்தது, வெளுத்தது, விழித்தது. இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டி வரவில்லை.

அதுதான் இந்த வேலையில் உள்ள வேடிக்கை. பெயரை அடித்திருந்தாலும் பெட்டி வந்திருக்காது. பையனைக் கூட்டி வந்து உட்கார வைத்தாலும் வராது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். பளிச்சென்று, சுத்தமாக, ஒரு குறையும் இல்லாத திரை.

"நல்ல வேலைக்காரன்யா நீ," என்றார் மாமா.

இத்தனைக்கும் நடுவில் அந்த ஒரு வார்த்தை அவன் நெஞ்சுக்குள் இதமாக இறங்கியது. அதை அவன் கவனித்தான். கவனித்தும் அது நிற்கவில்லை.

மூன்றரை மணிக்கு அக்கா கூடையோடு வந்தாள். பாதித் துணி நனைந்திருந்தது. மாமா ஃபைலை இடுப்புக்குப் பின்னால்கூட மறைக்கவில்லை, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கொஞ்சம் படுக்கிறேன் என்று சொல்லி அறைக்குள் போனார். கதவு ஒருக்களித்திருந்தது.

அக்கா கூடையை அப்படியே தரையில் வைத்துவிட்டு ஓடிவந்தாள். சரியாயிடுச்சா என்று கண்ணாலேயே கேட்டாள். அவன் ஒரு தடவை அணைத்துப் போட்டுக் காட்டினான். பெட்டி இல்லை. அவள் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்து அவன் நாற்காலியிலிருந்து எழுந்து இடம் விட்டான்.

இவன் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மெஷினைச் சரிசெய்து கொடுத்ததும் கிளம்ப மாட்டான். மறுநாள் ஃபோன் செய்து மறுபடியும் தகராறு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அதனால் எந்த வீடாக இருந்தாலும் அவன் வாயில் தானாக வருகிற வாக்கியம் ஒன்று இருந்தது. யோசிக்காமல் இப்போதும் வந்தது.

"அவசரமான வேலை எதாவது இருந்தா நான் இருக்கும்போதே ஒரு தடவை செஞ்சு பாத்துடு."

சொன்ன பிறகுதான், யாரிடம் சொன்னோம் என்பது உறைத்தது. அக்கா அதற்குள் உட்கார்ந்து மெயிலைத் திறந்துவிட்டாள்.

பிழை திருத்துகிறவளின் கை. கீபோர்டைப் பார்க்கவே பார்க்காது. அவன் அவள் தோளுக்கு மேலே நின்று, எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து விழுவதைப் பார்த்தான். வேலையை ஏற்றுக்கொள்கிறேன். வியாழக்கிழமை காலை வண்டியில் கிளம்புகிறேன். வெள்ளிக்கிழமை சேர்ந்துவிடுகிறேன்.

இரு அக்கா என்றான். குரல் வெளியே வந்ததா என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிக்கொள்ளலாமா என்று கேட்டான். அவள் உஷ் என்று கையால் சைகை காட்டிவிட்டு, திரையைப் பார்த்தபடியே கிசுகிசுத்தாள்.

"அங்க நாப்பது மெஷின் இருக்குடா. பாத்துக்கற ஆள் இந்த மாசத்தோட போறார். மேனேஜர்கிட்ட போன மாசமே உன்னைப் பத்திச் சொல்லி வெச்சேன். அங்க பெரிய மெக்கானிக் ஒருத்தர் இருக்கார், கூட நின்னு கத்துக்கலாம். உன்னை இங்க விட்டுட்டு நான் எப்படிப் போவேன்?"

மூடிவிடலாம். ஒரு கையால் அந்த மூடியைத் தட்டி மூடினால் போதும். மூடினால் ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால் யார் என்று கேட்பாள். அவன் கை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தது, அங்கேயே இருந்தது.

'என் தம்பியும் என்னுடன் வருகிறான். உண்மையானவன். நம்பிப் பொறுப்பை ஒப்படைக்கலாம்.' முற்றுப்புள்ளி. அனுப்பு.

அக்கா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் அவள் அந்த மாதிரி உட்கார்ந்து அவன் பார்த்ததில்லை. ஐந்து நிமிஷம் ஆனது. மழை மட்டும் ஜன்னலில் பேசியது.

அறையிலிருந்து மாமா வந்தார். படுத்து எழுந்த மாதிரி தெரியவில்லை. தலை வாரியிருந்தார். ஃபோனைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, சபையில் வாசிக்கிற மாதிரி நிதானமாக வாசித்தார். வியாழக்கிழமை காலை வண்டி. வெள்ளிக்கிழமை சேருதல். என் தம்பியும் என்னுடன் வருகிறான். உண்மையானவன்.

"நல்லா எழுதியிருக்க," என்றார்.

அக்கா அவரைப் பார்க்கவில்லை. லேப்டாப்பைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் சட்டையில் காய்ந்துபோயிருந்த காபிக் கறையைப் பார்த்தாள். அவள் கணக்கைப் போட்டு முடிக்கிற வரைக்கும் மாமா பொறுமையாகக் காத்திருந்தார்.

"நீயாடா?"

அவ்வளவுதான் கேட்டாள். அவன் வாயைத் திறந்தான். மாமா முந்திக்கொண்டார். இவன்தான் என்றார். எட்டு மாதம் முன்னால் போட்டதும் இவன், இன்றைக்குத் திரும்பப் போட்டதும் இவன். பச்சைக் காகிதப் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் போட்டான். அதற்கு அடுத்த பக்கத்தைக் காட்டவில்லை. அவனைப் பற்றி நீ உருகி உருகி எழுதியிருந்த பக்கம் அது, காட்டினால் வேலை கெட்டுப்போயிருக்கும்.

இதை மறைத்துவைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மாத்திரை அட்டையை விளக்கு வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற பார்வை.

பிறகு ஃபைலின் கடைசியிலிருந்து ஒரு தாளை உருவி மேஜைமேல் வைத்தார். போலீஸுக்குப் புகார். என் மனைவியின் மடிக்கணினியில் அவளுடைய தம்பி, தன் கையாலேயே, அவளுக்குத் தெரியாமல் உளவு மென்பொருள் நிறுவி அவளுடைய அந்தரங்கக் கடிதங்களைத் திருடி வந்திருக்கிறான். நிறுவிய நாள், நேரம். இன்றைய தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. பென் டிரைவைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அக்கா அதை எடுத்து மேலிருந்து கீழே ஒரு முறை படித்தாள். தொழில் பழக்கம், கண் தானாகப் பிழை தேடியிருக்கும். ஒரு பிழையும் இல்லை.

"சந்துல கடை வெச்சிருக்கறவன்," என்றார் மாமா. "இந்த மாதிரி கேஸ்ல ஒரு தடவை உள்ள போயிட்டு வந்தா அப்புறம் எவன் மெஷினைக் கொண்டுவந்து குடுப்பான்? கையெழுத்துதான் பாக்கி. போடறதும் போடாததும் நம்ம குடும்பம் எப்படி நடந்துக்குதுங்கறதைப் பொறுத்தது."

வரவில்லை என்று எழுதாதே அக்கா, வருகிறது வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். அந்த வாக்கியம் நெக்ஸ்டின் மனதில் முழுசாக உருவானது. தொண்டை வரைக்கும் வந்தது. அங்கே போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சும், சந்தில் எதிர்க் கடைக்காரன் வாயும், இறக்கிப் பூட்டிய தன் கடை ஷட்டரும் நின்று வழி மறித்தன. வாக்கியம் திரும்பிப் போய்விட்டது. அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாக்கியம் வந்ததையும் பார்த்தாள், திரும்பிப் போனதையும் பார்த்தாள்.

நாற்காலியை மேஜைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவன் கிளம்பப் போனான். இரு மாப்ளே என்றார் மாமா. அனுப்பும்போது ஏதாவது தகராறு வந்தால் யார் பார்ப்பது, முடியட்டும், கூடவே நில்.

நின்றான். அதே வேகம், அதே விரல்கள். தவிர்க்க முடியாத குடும்பக் காரணங்களால் நான் சற்று முன் அனுப்பிய சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன். இனிமேல் எனக்கு வேலை எதுவும் அனுப்ப வேண்டாம். கடைசி வாக்கியத்தை மாமா பக்கத்தில் நின்று சொல்லச் சொல்ல அடித்தாள். தம்பியைப் பற்றி என்ன எழுதட்டும் என்று அவளாகக் கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றார் மாமா. அனுப்பினாள். திரை ஒரு முறைகூடத் தடங்கவில்லை. மணி நாலு நாற்பது.

மாமா புகார்த் தாளை மடித்துக் கிழிப்பார் என்று நெக்ஸ்ட் எதிர்பார்த்தான். அவர் அதை அழகாக ஃபைலில் கோத்து வைத்தார்.

அக்கா எழுந்து கூடையிலிருந்த ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக உதறி நாற்காலிகளின் முதுகில் போட ஆரம்பித்தாள். அவன் நிற்கும் இடத்துக்கு வந்தபோது, ஒரு மேஜையைச் சுற்றிப் போவது மாதிரி சுற்றிக்கொண்டு போனாள்.

வாசல் வரைக்கும் மாமா வந்தார். ஆபீஸில் தன்னோடு வேலை பார்ப்பவர் ஒருவர், அவர் வீட்டிலும் சம்சாரத்துக்கு லேப்டாப் இருக்கிறது, இந்த பேக்கப் மென்பொருள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், உன்னைத்தான் சொல்லியிருக்கிறேன் என்றார். விலாசம் எழுதிய சீட்டு ஒன்றை அவன் சட்டைப்பையில் செருகி, பையைத் தட்டியும் கொடுத்தார்.

லிஃப்ட் கீழே இறங்கியது. தெருவில் மழை விட்டிருக்கவில்லை. நெக்ஸ்ட் ஒரு கடை ஓரமாக ஒதுங்கி நின்று, அந்தச் சீட்டைக் கிழிப்பதற்குத்தான் வெளியே எடுத்தான்.

அடுத்த ஞாயிறு, காலை பத்து மணி என்று எழுதியிருந்தது. மூன்றாவது பஸ் நிறுத்தம், மஞ்சள் கட்டடம், இரண்டாவது மாடி.

இரண்டு தடவை படித்தான். மழையில் மை கலைந்துவிடக் கூடாதே என்று, நாலாக மடித்து உள்பையில் வைத்துக்கொண்டான்.